முப்பத்தொன்பது டிகிரி

இன்று காலை பத்து மணி வாக்கில் என் மேஜையிலிருக்கும் வானிலைப் பெட்டியில் எண் மறைந்து இரண்டு கோடுகள் வந்தன. வழக்கம்போல் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டேன். தட்டிப் பார்த்தேன். பால்கனியில் மாட்டியிருந்த சென்சாரைப் போய்ப் பார்த்தேன். அதன் சிவப்பு விளக்கு ஒழுங்காகத்தான் சிமிட்டியது. அரை மணி கழித்து, வெளியூரிலிருந்து வந்து வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கும் உன் மகன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். கையில் அதே மாதிரி இன்னொரு சென்சார். வங்காளிப் பிள்ளைகள் சித்தப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் காக்கூ என்பான்.

"காக்கூ, இது அப்பா தலைமாட்டு அலமாரியில இருந்துச்சு. இப்பதான் பேட்டரியைக் கழட்டினேன். உங்களுக்கு வேணுமா?"

வாங்கிக்கொண்டேன். அவன் போன பிறகும் அதைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் பெட்டிகளை வரவழைத்தது நீதான். ஒரே மாதிரி இரண்டு, உனக்கொன்று எனக்கொன்று. கொல்கத்தாவில், பாலிகஞ்சின் இந்தக் கட்டடத்தில் திருநெல்வேலிக்காரர்கள் நாம் இரண்டே பேர். நீ மூன்றாம் மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே, நான் தரைத்தளத்தில். சென்சாரை வெளியே மாட்டினால் போதும், கம்பியே இல்லாமல் எண் உள்ளே வந்துவிடும் என்று நீ விளக்கினாய். "இது சொல்லுதது நெசம்னு எவம்ல சொன்னான்?" என்று கேட்டேன். வங்கியில் இருபது வருஷம் தணிக்கை பார்த்தவன் நான். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். நீயும் லேசுப்பட்டவனில்லை. வெளியே வைத்தால் காக்கா தூக்கிவிடும், இல்லையென்றால் எதிர்வீட்டுக்காரன் தூக்கிவிடுவான் என்று உன் சென்சாரை அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டாய்.

ஏப்ரல் கடைசியில் நான் பேட்டரி மாற்றினேன். மறுநாள் மத்தியானம் பெட்டி முப்பத்தொன்பது டிகிரி காட்டியது. பால்கனிச் சுவரில் தொங்கும் பழைய வெப்பமானியிலோ முப்பத்து நாலு. மாட்டிக்கொண்டது என்று எனக்கு உள்ளூரக் குஷி. வங்கிப் பழக்கத்தில் ஒரு தாளில் எழுதி, இரண்டு வீட்டிலும் வேலை செய்யும் மாஷி கையில் உனக்குக் கொடுத்தனுப்பினேன்: "பெட்டி 39, சுவர் 34. பொருந்தவில்லை. விளக்கம் தரவும்." அதன் அடியிலேயே நீ எழுதித் திருப்பினாய்: "கருவி சரி. ஆள் சரியில்லை." மே மாதம் முழுக்க இப்படியே போனது. நாற்பது, நாற்பத்தொன்று. ஒவ்வொரு தாளுக்கும் உன்னிடமிருந்து ஒரு கேலி. பெட்டி பொய் சொல்கிறது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

முட்டிவலியால் நான் மாடியேறுவதில்லை. சாயங்காலம் நீதான் குளித்து, திருநீறு பூசி இறங்கி வருவாய். ஒரு நாள் உன் முகம் சிவந்து, உதடெல்லாம் உலர்ந்து கிடந்தது.

"மேல ஏசி ஓடுதாலே?"

"ஓடுது, ஓடுது. நல்லாத்தாம்ல இருக்கேன்."

நான் டீயை நீட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போனேன்.

ஏப்ரல் நடுவிலிருந்தே அது ஓடவில்லை என்று மாஷி பிறகுதான் சொன்னாள். போன தடவை வந்த மெக்கானிக் நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு பழசைப் போட்டுவிட்டான் என்று உனக்குச் சந்தேகமாம். அதன்பிறகு எவனையும் வாசலுக்குள் விடவில்லையாம். மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் அவள் கதவைத் திறந்தபோது நீ கட்டிலுக்குக் கீழே கிடந்தாய். உடம்பு சூடு தாங்கவில்லை என்றார் டாக்டர்.

இன்றுதான் புரிகிறது. உன் மகன் பேட்டரியைக் கழற்றிய நேரத்தில்தான் என் பெட்டியில் எண் மறைந்திருக்கிறது. பேட்டரி மாற்றிய அன்று என் பெட்டி என் சென்சாரை விட்டுவிட்டு உன்னுடையதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நாற்பத்தொன்று உன் அறை. பெட்டி ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. தினமும் அதைப் பார்த்தேன், தாளில் எழுதினேன், உனக்கே அனுப்பினேன். உன் பெட்டியிலும் அதே எண்தானே இருந்திருக்கும்? தெரிந்துகொண்டேதான் கேலி எழுதினாயா? இதை இனி யாரிடம் கேட்பேன்? கோபமாக வருகிறது, உன் மேலும் என் மேலும்.

நீ போனதிலிருந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடியேறுகிறேன். இரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் வங்காளிப் பெரியவர் வாசலிலேயே நின்று, நன்றாக இருப்பதாகச் சொல்லி அனுப்பப் பார்ப்பார். நான் நகர்வதில்லை. உள்ளே போய், ஃபேன் ஓடுகிறதா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து, அவர் கையையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன். தன் பேச்சில் நம்பிக்கையில்லையா என்று கோபித்துக்கொள்கிறார். கோபித்துக்கொள்ளட்டும். எத்தனையோ ஊர்களில், எத்தனையோ பேர் சொன்னதை நம்பாமல் திருப்பி அனுப்பியவன் நான். சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். நல்லாத்தாம்ல இருக்கேன் என்று நீ சொன்னது.