தெல்மா பேசும் விதம்

அம்பத்தூர்
9 ஜூன் 2025

என் ராபியாவுக்கு,

நலம்தானே? உன் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டேன். கூரியரில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மையைப் பார்த்துக் கோபப்படாதே.

நூறு வருடத்துக்கு முந்தைய தீவுப் பெண் தெல்மா. கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. அதுவரை சரி. ஆனால் பதினொரு வயதுப் பெண் இப்படியா பேசுவாள்? "நான் பூட்டிக் கிடக்கும் படகுக் கொட்டகை" என்கிறாள். "போல" என்றுகூடச் சொல்வதில்லை. நம் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். "எனக்கு வருத்தமாக இருந்தது" என்று மாற்றிவிட்டேன். இப்படி எழுபது இடம். என் பதிப்பகத்தின் முதல் நாவல், சறுக்கிவிடக் கூடாது.

நிஷாவை விசாரித்திருந்தாய். அவள் அப்பா ஜெகதீஷ் எங்களைப் பிரிந்து தனி வீடு போய் எட்டு மாதமாகிறது. அவளை எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்கிறாள். அவ்வளவுதான்.

உன்
கோமளா


பூந்தமல்லி
13 ஜூன் 2025

அன்புக் கோமளா,

கோபம் வரத்தான் செய்தது. பள்ளியிலிருந்து வந்து, சமையல் முடித்து, இரண்டு வருடம் எழுதியது இது.

"அழாதே" என்று சொல்லிச் சொல்லியே தெல்மாவின் வாயை வீட்டில் எல்லோரும் அடைத்துவிட்டார்கள். அதனால்தான் கண்ணெதிரே இருக்கும் கொட்டகையையும் வலையையும் எடுத்து அவள் தன்னைச் சொல்கிறாள். அதையும் அடித்துவிட்டால் அவளுக்குப் பேச என்ன மிச்சம்?

எழுபதையும் எடுப்பதென்றால் என் பெயரையும் எடுத்துவிடு. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளிடம் இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். பிரதியைத் திருப்பி அனுப்புகிறேன், முடிவு உன்னுடையது.

ராபியா


அம்பத்தூர்
30 ஜூன் 2025

ராபி,

உன் பார்சலை வீம்புக்குப் பிரிக்காமலே போட்டு வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டிலிருந்து வந்தால், நிஷா தரையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு, சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருப்பதை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள்.

"இதெல்லாம் யாரும்மா அடிச்சது?"

"நான்தான். உனக்குப் புரியுதா?"

"இதுல புரியாம இன்னா?" என்றாள். ஒரு சிவப்புக் கோட்டை விரலால் தடவினாள். பிறகு, "நான் குத்தம்பாக்கம் பஸ் ஸ்டாண்டும்மா."

"இன்னாடி சொல்ற?"

"எல்லாம் கட்டி வெச்சாச்சு. ஒரு பஸ்ஸும் வர்ல."

ஞாயிறுதோறும் காலையிலேயே தலைசீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பெரிய மனுஷி ஆகிறாள் என்று நினைத்தேன். அப்பா வருவார் என்று காத்திருந்திருக்கிறாள், ராபி. எட்டு மாதமாக.

இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம். அப்புறம் அவளே ஜெகதீஷுக்குப் போன் போட்டு அதே பஸ் ஸ்டாண்டைச் சொன்னாள். நேற்று அவர் வந்தார், மத்தியானம் வரை அவளோடு இருந்தார். இனி வாராவாரம் வருவதாகப் பேச்சு.

எழுபது இடத்தையும் என் கையாலேயே பழையபடி எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். உன் பெயர் அட்டையிலேயே வருகிறது. என்னை மன்னித்துவிடு.

உன்
கோமளா


பூந்தமல்லி
25 ஆகஸ்ட் 2025

என் கோமளாவுக்கு,

வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் நடந்த வெளியீட்டு விழாவிலிருந்து நான் இன்னும் தரையில் இறங்கவில்லை. நீ நன்றியுரையை மறந்துவிட்டு மேடை ஓரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாயே, அதையும் பார்த்தேன்.

நிஷா என்னமாய்ப் படித்தாள்! படித்து முடித்துவிட்டு, "நீங்கள்லாம் இன்னா?" என்று கேட்டாள் பார், அதற்கப்புறம் தலைமை ஆசிரியராலும் பிள்ளைகளை அடக்க முடியவில்லை. "நான் மூணு நாளா தண்ணி வராத கொழாய்!" "நான் சிக்னல்ல நிக்கிற ஆம்புலன்ஸ்!" கொண்டுவந்த புத்தகக் கட்டு அத்தனையும் மாலைக்குள் காலி. கிடைக்காதவர்கள் என் புடவையைப் பிடித்து இழுக்கிறார்கள்.

இன்று காலை ரேஷ்மா வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தாள். ஏன் என்று கேட்டேன். எழுந்து நின்று, துளி பயமில்லாமல், "என் நோட்டு இன்னிக்கு நோன்பு, மிஸ்" என்றாள். வகுப்பே கைதட்டியது. திட்ட வாயெடுத்தேன், சிரிப்புத்தான் வந்தது.

ஜெயித்துவிட்டோமடி. இரண்டாம் பதிப்புக்கு அச்சகத்தில் சொல்லிவிடு.

உன்
ராபி