ஹென்னிங்குக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது

என்ரை இஞ்சாருங்கோ,

கலியாணமான நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் சொல்ல நாக்கு வளையவில்லை. உங்கள் அலுவலகத்தில் புதிதாக வேலைக்கு வந்த பெட்டைகூட முதல் நாளே 'சிவா' என்று கூப்பிட்டிருப்பாள். எனக்கு அதிலேயே ஒரு எரிச்சல் இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள் என்று சொல்லாமல் விட்டேன்.

உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் எல்லோரும் உங்களைப் பற்றி எழுதிவிட்டார்கள். உங்கள் பெரியண்ணை எழுதினார். கோயில் சபைத் தலைவர் எழுதினார். அலுவலகத்தில் உங்கள் கதிரைக்கு இப்போது வந்திருக்கிற கியர்ஸ்டன் டெனிஷில் எழுதித் தர, மகள் அபி அதைத் தட்டுத்தடுமாறித் தமிழாக்கினாள். பெண்சாதியும் நாலு வரி எழுதட்டுமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வருசம் திரும்பி, போன சனிக்கிழமை ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது. இனி என் முறை. ஊர் படித்தாலும் படிக்கட்டும்.

முதலில் வீட்டுப் புதினம். கோல்டிங் வீட்டை விற்கச் சொல்லி அபி ஒவ்வொரு கிழமையும் ஆர்ஹூஸிலிருந்து போன் எடுக்கிறாள். நான் தமிழில் மாட்டேன் என்கிறேன், அவள் டெனிஷில் ஏன் என்று கேட்கிறாள். புல்லு வெட்டுகிற மெஷினை நானே தள்ளப் பழகிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, கோடு வளைகிறது என்கிறார். நீங்கள் வெட்டினபோதும் வளைந்ததுதான், அப்போது அந்த மனிசன் வாய் திறக்கவில்லை. என் வேலை அப்படியே இருக்கிறது. காலையில் காரை எடுத்துக்கொண்டு வயதுபோனவர்களின் வீடுகளுக்குப் போய், குளிக்க வார்த்து, மருந்து கொடுத்து, காலுறை போட்டுவிட்டு வருகிறேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். எனக்குப் பொறாமை. கோபம், கவலை என்றெல்லாம் நாகரிகமாகச் சொல்லிப் பார்த்தேன், பொருந்தவில்லை. நீங்கள் போய் ஒரு வருசத்துக்குப் பிறகு, அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு டெனிஷ்காரரைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் வேலையை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்தவே நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. "அவர் மறியல்காரரோடதானே வேலை?" என்பார்கள். ஓம், ஆனால் சிறைக்கு வெளியே. ஒருவருக்குத் தீர்ப்புச் சொல்ல முதல், இவர் எப்படிப்பட்டவர், வீடு வாசல் உண்டா, குடிக்கிறாரா, உள்ளே அனுப்பாமல் வெளியில் வைத்தே பார்க்கலாமா என்று நீதிமன்றம் உங்கள் அலுவலகத்தைத்தான் கேட்கும். தீர்ப்புக்குப் பிறகு வெளியில் இருக்கிறவர்களைக் கண்காணிப்பதும் உங்கள் ஆட்கள்தான். நன்னடத்தை அலுவலகம் என்று சொல்லிப் பார்த்தேன், கலியாண வீடுகளில் அது எடுபடவில்லை. வைலேயில் அந்த அலுவலகத்துக்கே நீங்கள் தலைவராக வந்தபிறகு எல்லோருக்கும் திடீரென்று விளங்கிவிட்டது. எனக்கும் அதில் பெருமைதான், மறைப்பானேன்.

தலைவர் ஆனால் கூட்டமும் வரவுசெலவும் கையெழுத்தும்தான், ஆட்களைச் சந்திக்கிற வேலை இராது என்றீர்கள். இனியாவது வீட்டுக்கு ஒரு மனிசன் வருவார் என்று நினைத்தேன். ஆனால் ஒரு சிலரை நீங்கள் விடவில்லை. "நான் ஆக்களோட கதைக்காட்டில், எனக்குக் கீழ வேலை செய்யிறவைக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?" என்று கேட்டீர்கள். கிரின்ஸ்டெட் பக்கம் பஸ் ஒழுங்கில்லை, கண்காணிப்பில் இருக்கிறவர் சந்திப்புக்கு வந்து சேராவிட்டால் நிபந்தனையை மீறினதாகிவிடும் என்று நீங்களே காரை எடுத்துக்கொண்டு போவீர்கள்.

ஒருவர் நிபந்தனையை மீறிவிட்டார் என்று மேலே எழுதுகிற கடிதத்திலும் கடைசிக் கையெழுத்து உங்களுடையதுதான். அப்படி ஒரு நாள் என்றால் எனக்குச் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடும். குழம்பு விடாமல் வெறுஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பீர்கள். ஆர், என்ன செய்தவர் என்று கேட்டால், கந்தோர் விசயம், அலுவலக இரகசியம் என்பீர்கள். அதோடு வாய் மூடிவிடும்.

இரகசியம் காக்கவேண்டும் என்ற சட்டம் எனக்கும் உண்டுதானே? நான் குளிக்க வார்க்கிற கிழவிகளில் உங்களுக்குத் தெரியாத கிழவி ஒருத்தி இருந்தாளா? யார் மகனோடு கதைப்பதில்லை, யார் பல்லுச் செட்டை ஒளித்துவிட்டு என்னைத் தேடவைப்பாள், எல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னேன். நீங்களும் நல்லாய்ச் சிரித்துக் கேட்டீர்கள். திருப்பி எனக்கு ஒரு பெயரைச் சொன்னதில்லை.

வைலே கடைத்தெருவில் உங்களோடு நடப்பது எனக்குப் பெரிய சோதனை. கண்காணிப்பில் இருக்கிறவர்களை வெளியில் காணும்போது நீங்கள் முதலில் தலையாட்டக்கூடாது, அவர்கள் ஆட்டினால்தான் ஆட்டலாம் என்பது உங்கள் அலுவலக வழக்கம். ஒரு தடவை ஸ்டேசனில் ஒரு வடிவான பெண் ஓடிவந்து உங்களைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் பக்கத்தில் விறைத்துப்போய் நிற்கிறேன். ரயில் ஏறியபிறகு ஆர் என்று கேட்டேன். "தெரிஞ்ச ஒராள்" என்றீர்கள். கோல்டிங் வருமட்டும் நான் ஜன்னலைத்தான் பார்த்தேன். அவள் என்ன செய்தாள் என்பது எனக்குத் தேவையில்லை. அவளுக்குத் தெரிந்த உங்களை எனக்குத் தெரியவில்லையே என்பதுதான் குத்தியது.

ஊரில் உங்களைப் பிடித்துக்கொண்டு போய் அடைத்து வைத்திருந்தது எனக்குத் தெரியும். உங்கள் அம்மா, மாமிதான் சொன்னா. பிடித்தார்கள், வைத்திருந்தார்கள், விட்டார்கள், அவ்வளவுதான் மாமியும் சொன்னா. மிச்சத்தை நான் கூட இருந்து பார்த்து அறிந்தேன். குளியலறைக் கதவை நீங்கள் ஒருநாளும் பூட்டியதில்லை, வீட்டுக்கு ஆட்கள் வந்தால் நான் வெளியில் காவல் நிற்பேன். லிப்ட் இருந்தாலும் படியால்தான் ஏறுவீர்கள். அபி பிறக்க முன்னம் ஒரு தடவை, அங்கே என்ன நடந்தது என்று கேட்டேன். "அது முடிஞ்ச கதை, விடும்" என்றீர்கள். பிறகு, கடைசியாக நீங்கள் நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, வெளியில் மழையா என்று கேட்டீர்கள். நான் ஓம் என்றேன். அதற்குப் பிறகு கேட்கக் காலம் கிடைக்கவில்லை.

இப்போது திவசத்துக்கு வருகிறேன். ஐயர் கிரியையை முடித்தபிறகு, உங்கள் படத்துக்கு முன்னால் இலை விரித்து உங்களுக்கு விருப்பமானதெல்லாம் படைத்தோம். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, பயித்தங்காய்ப் பிரட்டல், வடை, பயற்றம் பணியாரம். கியர்ஸ்டன் பூங்கொத்தோடு வந்து ஓரமாக இருந்தாள். அப்போதுதான் ஹென்னிங் வந்தார். அது அவருடைய உண்மைப் பெயரில்லை. எழுதட்டுமா என்று பிறகு கேட்டேன், பெயரை மாற்றினால் சரி என்றார். அபி முகநூலில் டெனிஷிலும் போட்ட அறிவித்தலைப் பார்த்துவிட்டு கிரின்ஸ்டெட்டிலிருந்து வந்தாராம். உயரமான மனிசன், சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்து உள்ளே வந்தார். கியர்ஸ்டன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையாட்டிய பிறகுதான் அவளும் ஆட்டினாள். எனக்கு அதிலேயே ஆள் யாரென்று பிடிபட்டுவிட்டது.

இது என்ன சாப்பாடு என்று அவர் அபியிடம் கேட்டார். அப்பாவுக்கு விருப்பமான சாப்பாடு என்று அவள் சொன்னாள். உடனே ஜக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு லக்ரிஸ் பைக்கற்றை எடுத்து வடைக்குப் பக்கத்தில் வைத்தார். அந்தக் கறுத்த உப்பு இனிப்பை. அபி சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஆசையோடு உங்கள் வாயில் வைத்ததை, தார் மாதிரி இருக்கிறது என்று துப்பினீர்களே, அதைத்தான். அவரைச் சந்திக்கிற நேரமெல்லாம் ஒரு பைக்கற்றை நீங்கள் தனியவே முடித்துவிடுவீர்களாம். பெரியண்ணை அதை எடுத்து அப்புறப்படுத்தப் போனார். நான் இருக்கட்டும் என்றேன். உங்களுக்கு எது விருப்பம் என்று இந்த உலகத்தில் எனக்குத்தான் தெரியும் என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன்.

பிறகு அவர் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, தான் சிறையிலிருந்து வெளியில் வந்தபோது தன்னைப் பொறுப்பெடுத்தவர் நீங்கள்தான் என்று சொன்னார். சாப்பிட்டு முடிந்ததும் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த குசினிக்குள் வந்தார். நாங்கள் டெனிஷில்தான் கதைத்தோம். முதல் நாள் உங்களோடு சண்டை பிடித்தாராம். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற உனக்குப் பூட்டின கதவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டாராம். நீங்கள் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் போட்டு, ஊரில் உங்களுக்கு நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னீர்களாம். அன்றைக்கு முழுக்க நீங்கள்தான் கதைத்தீர்களாம். அதனால்தான் அடுத்த கிழமையும் தான் வந்ததாகச் சொன்னார்.

நான் தண்ணீர்க் குழாயைப் பூட்டினேன்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"அதை நான் சொல்லக்கூடாது."

"நான் அவருடைய மனைவி."

"என்னுடைய கதையை அவர் உங்களுக்குச் சொன்னாரா?"

"இல்லை."

"அப்படியென்றால் நானும் சொல்லமாட்டேன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. அவருக்கு ஒரு சட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை, அவரை யார் வாயை மூடச் சொன்னது? நித்திரையில் நீங்கள் அலறி எழும்பும்போது பிடித்துக்கொண்டது நான். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றது நான். உங்களுக்கு லக்ரிஸ் நீட்டினவருக்கு என் மனிசனின் கதை. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அபி குசினி வாசலில் வந்து நின்று, அம்மா, அவரை விடுங்கள் என்று டெனிஷில் சொன்னாள். அவளையும் ஏசினேன்.

ஹென்னிங் கோபிக்கவில்லை. கைதுடைக்கிற துணியை எடுத்து ஒரு கோப்பையைத் துடைத்து வைத்தார்.

"ஒன்று மட்டும் சொல்லலாம்," என்றார். "நான் சிறை என்று சொன்னதும் நீங்கள் உங்கள் கைப்பையை எடுத்தீர்கள். பரவாயில்லை, எல்லோரும் எடுப்பார்கள். சிறையில் இருந்தவனைப் பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறது. வீட்டில் அந்தப் பார்வை தனக்கு வேண்டாம் என்று சிவா சொன்னார்."

நான் குனிந்து பார்த்தேன். பாத்திரம் கழுவுகிறேன், பை என் தோளில் தொங்குகிறது. எடுத்து மாட்டினது எனக்கே தெரியாது. வெட்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், மிஞ்சின வடையையும் பணியாரத்தையும் ஒரு பெட்டியில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அடுத்த வருசமும் வரலாமா என்று கேட்டார். வாங்கோ என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு விளங்கியது.

நீங்களே சொல்லுங்கோ, நான் உங்களை அப்படிப் பார்த்திருப்பேனா? களவெடுத்தவரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்திருக்கமாட்டேன். ஆனால் பாவம் மனிசன் என்று பார்த்திருப்பேன். சோறு போடும்போது பாவம், நீங்கள் சிரிக்கும்போதுகூடப் பாவம். அதை மறைக்கவும் எனக்குத் தெரியாது, என் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள். முன்பின் தெரியாதவரை ஒரே ஒரு சந்திப்பில் மதிப்பிட்டு நீதிமன்றத்துக்கு எழுதுகிற ஆள் நீங்கள். என்னையும் மதிப்பிட்டுத்தான் வைத்திருந்தீர்கள் போல. பிழையாக மதிப்பிடவில்லை என்று நினைக்கும்போது இன்னும் நோகிறது.

ஆனாலும் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். கிரின்ஸ்டெட் என்று ரோட்டுப் பலகையைக் கண்டாலே காரை வேறு ரோட்டால் திருப்புகிறேன். இரண்டு தரம் போனை எடுத்து அவருடைய நம்பரை அழுத்திவிட்டு வைத்தேன். கேட்டுக் கெஞ்சினால் ஒரு வேளை சொல்லிவிடுவார். சொல்லிவிடுவாரோ என்ற பயமும் இருக்கிறது.

அதனால் உங்களுக்கு ஒரு சத்தியம். ஹென்னிங்கிடம் இனிக் கேட்கமாட்டேன். அவர் வேறு யாரிடமாவது சொல்வதை வாசலில் நின்று கேட்கவும் மாட்டேன். எனக்கென்று நீங்கள் ஒரு மனிசனைத் தந்தீர்கள். பின்னேரம் சப்பாத்தைக் கழற்றும்போதே இன்றைக்கு என்ன கறி என்று கேட்பவர், என் கிழவிகளின் கதைகளுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பவர், ஒருவராலும் ஒருநாளும் அடைத்து வைக்கப்படாதவர். அந்த மனிசனை ஹென்னிங் கண்டதேயில்லை. இந்தக் கடிதத்தில் எழுதினதோடு சரி. இனி அந்த மனிசனைப் பற்றி ஹென்னிங் கேட்டால், நானும் சொல்லமாட்டேன்.

உங்கள் மனிசி,
ராணி
கோல்டிங்