எந்தக் கால் முன்னால்

அன்பு வடிவுக்கு,

நான் நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலம்தானே? நம் பாப்பா நடக்கிறாள் என்று நீ போனில் சொன்னதும் நம்மூர் நெல்லிவாசலில் டவர் போய்விட்டது. அதனால்தான் கடிதம்.

இந்தப் பாலைவன ஊரில் ஒரு மாலுக்குள் பனிமலை கட்டியிருக்கிறார்கள். அங்கே சறுக்குப் பலகை வாடகைக்குக் கொடுப்பதுதான் என் வேலை. ஆலங்காயம் ரோட்டில் பையன்கள் ஓட்டுகிற பலகைக்குச் சக்கரம் உண்டு, கால் சும்மா நிற்கும். இதற்குச் சக்கரம் கிடையாது. பூட்ஸ் மாட்டிய இரண்டு காலையும் பலகையோடு பூட்டிவிடுவோம். மேலே போகிறார்கள், சறுக்கி வருகிறார்கள், மறுபடி போகிறார்கள். பார்த்துப் பார்த்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நேற்று நானும் ஏறிவிட்டேன். நம் மலையில் இறங்குகிற பழக்கத்தில் பின்னால் சாய்ந்தேன், விழுந்தேன். "இன்னா நவீனு, ஜவ்வாது மலைன்னு நெனச்சிக்கினியா? முன்னாடி சாயுப்பா" என்று கூட வேலை செய்கிற வாணியம்பாடி சைபுல்லா சிரித்தான். மணிக்கட்டில் கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான்.

பலகையில் எந்தக் காலை முன்னால் வைப்பது என்று தெரிய, ஆளைப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளுவோம். தானாக முன்னே வருகிற கால்தான் அது. பாப்பாவையும் பின்னாலிருந்து விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்து, எந்தக் கால் என்று எழுது. விழாமல் பிடித்துக்கொள்.

வேலைக்குப் போகிற வேன் வந்துவிட்டது. நாளெல்லாம் யார் யார் கால்களையோ பார்க்கிறேன். பாப்பா நடந்து நான் இன்னும் பார்க்கவில்லை.

நவீன்குமார்