உள்பக்கத் தாழ்ப்பாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

அடைத்து வைத்து வேலை வாங்கிய வீட்டிலிருந்து என்னை மீட்டு இந்தக் காப்பகத்தில் சேர்த்தார்களே, இதற்குப் பணம் கொடுப்பவர்கள் நேற்று வந்தார்கள். அதில் ஒரு மேடம், "ரூமுக்கு ரூம் உள்பக்கம் எதுக்குத் தாழ்ப்பாள்? வீண் செலவுதானே?" என்றார். எங்கள் வார்டன் அக்கா பதில் சொல்வதற்குள் நான்தான் முந்திக்கொண்டு, "வெளியே பூட்டின ரூம்லயே கிடந்தவங்க நாங்க. உள்ளே தாழ் போட்டாத்தான் தூக்கம் வருது மேடம்" என்று சொல்லிவிட்டேன். அதிகப்பிரசங்கி என்று நினைத்துப் பணத்தை நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. காப்பகத்தை மூடினால், அந்த வீட்டுக்காரர்கள் மேல் போட்ட வழக்கு முடியுமுன்பே வாசலில் வந்து நிற்பேன், திட்டாதே.

எதற்கும் அண்ணனிடம் சொல்லி என் அறைக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டு வை. அக்கா கூப்பிடுகிறார், போகிறேன். வெளிப்பக்கம் இருப்பதைக் கழற்றிவிடச் சொல், அம்மா.

உன் மகள்