வாசிக்காத மழைச் செய்தி

அன்புள்ள என்று தொடங்க இன்று கை வரவில்லை.

நம் கிறிஸ்தவ வானொலியின் வரலாற்றை நீங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசித்ததைக் கேட்டேன். மரக்காணம் உப்பளத்துக்காரர்கள் தேவ வசனத்துக்காகவே நம் தமிழ் நிகழ்ச்சியைக் கேட்டார்களாம். ஜெபத்துக்கு முன்னால் நான் வாசித்த மழைச் செய்திக்காகத்தான் கேட்டார்கள். மழை என்று சொன்னால் ஓடிப்போய் உப்புக் குவியலை ஓலை போட்டு மூடுவார்கள். சொல்லாவிட்டால் மூட மாட்டார்கள். அவ்வளவு நம்பிக்கை.

வெளிநாட்டுப் போதகர் வந்த அன்று அவருடைய ஆங்கிலப் பிரசங்கம் தமிழ் நேரத்தையும் விழுங்கியது. மழைச் செய்தித் தாளை வெளியிலிருந்து ஸ்டுடியோக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் உதட்டில் விரல் வைத்தீர்கள்.

மறுநாள் மழையில் கரைந்துபோன உப்பின் முன் உப்பளத்துச் சுலோசனா நின்றாள். "ரேடியோல நீ ஒண்ணும் சொல்லலியேக்கா. அதான் மூடாம வுட்டுட்டேன்" என்றாள்.

உங்கள் வரலாற்றில் அந்தப் பிரசங்க நாள் பொன்னாள். நானும் அதில் இருக்கிறேன், போதகராகிய உங்கள் 'ஜெபத் துணை' மனைவியாக. என்னை எடுத்துவிடுங்கள்.

எப்போது வீட்டுக்கு வருவாய் என்று கேட்டு ஆளனுப்பினீர்கள். முதலில் சுலோசனாவிடம் போங்கள். "மழை வருமென்று அன்றே எனக்குத் தெரியும்" என்று நீங்களே அவளிடம் சொல்லுங்கள். இரண்டு மொழி வேண்டாம். தமிழில் மட்டும் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
கண்ணாடிக்கு வெளியே நின்றவள்