வாசித்துக் காட்டாத வாக்குமூலம்

அண்ணே,

இன்று காலை பழைய இங்கிலீஷ் அகராதியைப் பழைய பேப்பர் கடையில் போடலாம் என்று எடுத்தேன். நடுவில் ஒரு கார்பன் பிரதி மடிந்து கிடந்தது. அந்த மை வாசனை மூக்கில் ஏறியதுமே தெரிந்துவிட்டது, உங்கள் வாக்குமூலம்தான். கீழே கைநாட்டுக்கு விட்ட இடம் காலியாக இருந்தது.

ஆத்தூர்ப் பக்கத்துக் கண்மாயில் நீங்கள் மடைக்காவல். நான் திண்டுக்கல் பொதுப்பணித்துறை ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்ட். தமிழில் சொல்வதைக் கேட்டு, மேலிடத்துக்கு இங்கிலீஷில் அடித்துக் கொடுப்பது என் வேலை. அந்த மாசியில் மடை திறந்து, ஊர்க்காரர்கள் பிடுங்கி வயலில் போட்டிருந்த வெங்காயமெல்லாம் தண்ணீரோடு போயிற்று. விசாரணைக்கு உங்களைக் கூப்பிட்டார்கள்.

"சாவி எங்கிட்டத்தேன் இருக்கும் தம்பி. திருகுறதும் இந்தக் கைதேன். ஆனா தெறன்னு சொல்ல ஆபீசர் சீட்டு வரணும். அன்னைக்குச் சீட்டு வரல. பண்ணக்காரரு தன் வயலுக்குத் தண்ணி வேணும்னு அம்புட்டு ஆளுகளோட வந்து நின்னுட்டாரு. நான் ஒத்த ஆளு, என்ன செய்ய?"

நாலு விஷயத்தை நீங்கள் எவ்வளவு சுத்தமாகப் பிரித்துச் சொன்னீர்கள். சாவியை வைத்திருப்பது சார்ஜ். திருகுவது கண்ட்ரோல். உத்தரவு போடுவது அத்தாரிட்டி, அது ஆபீசருடையது. உத்தரவே இல்லாமல் திறக்க வைத்தது பவர், அது பண்ணைக்காரருடையது. இதெல்லாம் எனக்குப் பிறகு அகராதியைப் பார்த்துத் தெரிந்தது. அன்று அத்தாரிட்டி என்ற சொல்மேல் எனக்கு ஒரு மோகம். அதை அடிக்கும்போதே நானும் பெரிய மனிதன் ஆனதுபோல இருக்கும். மடை உங்கள் அத்தாரிட்டியில் இருந்தது, பண்ணைக்காரர் கேட்டதன்பேரில் நீங்களே திறந்தீர்கள் என்று அடித்துவிட்டேன்.

அடித்ததைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு வாங்க வேண்டும். ஆபீஸ் வழக்கம் அது. வாசித்திருந்தால் நீங்களே தப்பைப் பிடித்திருப்பீர்கள். அன்று மணி ஒன்று தாண்டிவிட்டது, எனக்குப் பசி.

"செத்த படிச்சுக் காட்டுங்க தம்பி" என்றீர்கள்.

"நீங்க சொன்னதுதான் அண்ணே இருக்கு. வைங்க."

வைத்தீர்கள். 'தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது' என்ற கடைசி வரியை நான் முன்கூட்டியே அடித்து வைத்திருந்தேன்.

உங்கள் வேலை போனது. ஒரு நாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றீர்கள்.

"அதிகாரம் எனக்குத்தேன்னு நானே ஒத்துக்கிட்டேனாம்ல. நான் அப்படியா சொன்னேன் தம்பி? உள்ள வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

ஆபீசர் அறை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. போய்ச் சொன்னால் என் வேலையும் போய்விடும் என்று பயந்தேன். "எழுதினது எழுதினதுதான் அண்ணே" என்றேன். நீங்கள் திட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தீர்கள். அன்று உங்கள் பிழைப்பே என் ஒரு வார்த்தையில் இருந்ததே, அந்தப் பிடிக்கு இந்த நாலு இங்கிலீஷ் சொல்லில் எது பொருந்தும் என்று அகராதியைப் புரட்டினேன். அப்போதுதான் இந்தப் பிரதியை உள்ளே வைத்திருக்க வேண்டும். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

என் வேலை நிரந்தரமானது. நீங்கள் வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்கினீர்கள். பேட்டைப் பக்கம் போவதையே நான் விட்டுவிட்டேன். போன ஐப்பசியில் நீங்கள் இறந்ததைக்கூட ஒரு மாதம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன்.

இப்போதெல்லாம் யாருக்கு எதை அடித்தாலும் வாசித்துக் காட்டாமல் மைப்பெட்டியை நீட்டுவதில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அகராதியைக் கடையில் போடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் உரக்க வாசித்தேன். 'மடை என் அதிகாரத்தில் இருந்தது' என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன். நான் அப்படிச் சொல்லல தம்பி என்று நீங்கள் சொல்வதற்காக, வெகுநேரம் காத்திருந்தேன்.