முகம் கழுவி அனுப்பிய சரக்கு

நாள் 611 — 02:25

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். பூமியில், எங்கள் ஆலைப் பதிவுகளைப் படிக்கும் மேசையில் யார் இருக்கிறீர்களோ, உங்களுக்கும் தூக்க நேரமாக இருக்கலாம். சுற்றுக்கலம் எங்கள் தலைக்கு மேலே வருவது 02:20-க்கும் 14:40-க்கும்தான். அது வரும்போது எழுதினால்தான் போகும்.

என் பெயர் பெனிட்டா. செவ்வாயில் மேல்மேடு கிளைகால் ஆலையின் இரசாயனப் பொறியாளர். புழுதிப்புயலால் மாற்று ஆள் வரவில்லை. நாலாவது நாளாகத் தனியாக இருக்கிறேன்.

ஆலை ஓடுகிறது. உலையிலிருந்து வரும் கிளைகால் திரவத்தில் அமிலம் பத்து லட்சத்தில் நாற்பது பங்கு. ரெசின் மணிகள் நிரப்பிய தூண் 'அ' வழியாக வந்தபின் நாலு. நல்ல அளவு. கிளைகால் செய்யும்போதே கூடவே கொஞ்சம் அமிலமும் பிறந்துவிடும். அதை ரெசின் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிக்காமல் விட்டால் அது போகிற குழாயையெல்லாம் அரிக்கும். அறுபது கிலோமீட்டர் தள்ளி, கீழ்மேடு குடியிருப்பில், ஒவ்வொரு வீட்டுச் சுவருக்குள்ளும் ஓடிச் சூடு கொடுப்பது இந்தக் கிளைகால்தான். என் வீட்டுக்காரர் ஜெபசிங்கும் மகள் ரூத்தும் அங்கேதான் இருக்கிறார்கள். ரூத்துக்கு மூன்று வயது.

நாள் 612 — 02:30

தூண் 'அ' சரி. தூண் 'ஆ' நிறைந்திருக்கிறது, கழுவ வேண்டும்.

ஜெபசிங் அனுப்பியது வந்தது:

"ஏட்டி பெனி, நாலு நாளா ஒரு வரிகூட இல்ல. கோவமா? கோவம்னா கோவம்னாவது சொல்லு. உம் மவ 'அம்மா எப்ப வருவா'ன்னு என் உசுர எடுக்கா. நேத்து நம்ம ரூம்ல சூடு கொறஞ்சிட்டு. லைன் பாக்குற அந்தோணி அண்ணன் வந்து பாத்தாரு, லைன்ல பிரஷர் இல்லன்னு ஊத்தி நிரப்பிட்டுப் போனாரு. 'உம் பொண்டாட்டி செஞ்ச சரக்குதான, அவளே வந்து சூடேத்தட்டும்'னு நக்கல் வேற."

நான் தினமும் இரண்டு தடவை எழுதுகிறேன். ஒன்றுகூட அவருக்குப் போகவில்லை. அவர்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. நான் சொல்வது கீழ்மேட்டுக்குக் கேட்கவில்லை. இந்தப் பதிவு வேறு வழியில் நேரே உங்களுக்கு வருவது. அது வருகிறதா என்பதும் எனக்குத் தெரியாது.

பிரஷர் ஏன் குறைந்தது? மூடிய குழாயில் கிளைகால் குறையாது. குறைந்தால் எங்கோ வெளியே போகிறது என்று அர்த்தம்.

கீழ்மேட்டுக்குக் கடைசியாகப் போன சரக்கு எண் 118. அனுப்பியது நான்.

நாள் 612 — 14:50

ஒவ்வொரு சரக்கிலும் ஒரு பாட்டில் எடுத்து வைப்போம். 118-இன் பாட்டிலைத் திறந்தேன். பி.எச். 7.9. பார்க்க அழகாக இருக்கிறது. உப்பு கலந்தால் ஏறும் மின்கடத்தும் அளவு இரண்டுக்குள் இருக்க வேண்டும். தொள்ளாயிரம் காட்டுகிறது. எங்கள் குழாய்கள் அலுமினியம். சோதனைக்கு அந்தப் பாட்டிலில் போட்டிருந்த அலுமினியத் துண்டை வெளியே எடுத்தேன். அம்மை போட்ட முகம் மாதிரி குழிகுழியாக இருந்தது.

நான் சொல்லிவிடுகிறேன். எழுதாமல் வைத்துக்கொள்ள முடியவில்லை.

இங்கே ஒரு பழக்கம் உண்டு. ரெசின் நிறைந்துவிட்டால் காஸ்டிக் சோடா விட்டு ஒன்பது மணி நேரம் கழுவ வேண்டும். அவசரமென்றால் கழுவ மாட்டோம். சோடாவை நேராகத் தொட்டியிலேயே ஊற்றிவிடுவோம். மீட்டர் உடனே நல்ல எண் காட்டும். அமிலம் போகாது, உப்பாக மாறி உள்ளேயே உட்கார்ந்திருக்கும். இதற்கு ஆலையில் பெயர் 'முகம் கழுவி விடுறது'. குளிப்பாட்டவில்லை, முகத்தை மட்டும் கழுவி அனுப்பியாயிற்று என்று சிரிப்போம். எல்லா ஷிப்டிலும் செய்திருக்கிறார்கள். கொஞ்சமாகச் செய்தால் ஒன்றும் ஆனதில்லை.

நான் கொஞ்சமாகச் செய்யவில்லை. 118 கிளம்பிய நாளுக்கு மறுநாள் ரூத்துக்குப் பிறந்தநாள். வண்டி நாலு மணிக்குக் கிளம்புகிறது. ரெசின் முழுவதும் நிறைந்திருந்தது. இரண்டு லிட்டர் ஊற்றினேன். அந்த உப்பும் அலுமினியத்தைத் தின்னும் என்பது எனக்கு முதல் வருடப் பாடம். கேக் வெட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

118-ஐ வடித்துவிடச் சொல்லுங்கள். தயவுசெய்து.

நாள் 613 — 02:27

ஜெபசிங் நேற்று இரவு எட்டு மணிக்கு அனுப்பியது:

"ஏட்டி, ஒரு கூத்து கேளு. கட்டிலுக்குப் பின்னால சுவரு வேர்த்துக் கெடக்கு. அந்தோணி அண்ணன் தண்ணிக் கசிவுன்னு சொல்லுதாரு. உம் மவ அங்க உக்காந்து நக்கிட்டு இருக்கா. என்னட்டி பண்ணுதன்னா, 'அப்பா, சுவரு பாயாசம்'ங்கா. மத்தியானத்துல இருந்தே நக்கியிருக்கா போல. வாயத் தொடச்சி விட்டேன். சாயங்காலம் ஒரே சிரிப்பு. தள்ளாடித் தள்ளாடி நடக்கா. உங்க சித்தப்பா கல்யாண வீட்டுல ஆடுனாருல்லா, அதே ஸ்டெப்பு. இப்ப நேரத்தோட தூங்கிட்டா. நீயும் தூங்கு."

தண்ணீர் இனிக்காது.

தண்ணீர் இனிக்காது ஜெபா.

நாள் 613 — 02:31

கலம் போக இன்னும் நாலு நிமிடம். ஒழுங்காக எழுதுகிறேன்.

கிளைகால் இனிக்கும். விஷம். கசப்பு மருந்து கலந்துதான் அனுப்ப வேண்டும். அது தீர்ந்து ஒரு வருடமாகிறது. சுவருக்குள் அடைத்த குழாய், யார் குடிக்கப் போகிறார்கள் என்றார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

முதலில் போதை மாதிரி இருக்கும். பிறகு உடம்புக்குள் அமிலமாக மாறும். இங்கே நான் ரெசினில் பிடிக்கிற அதே அமிலம். அவள் உடம்பில் ரெசின் இல்லை.

கீழ்மேட்டில் மாற்று மருந்து இருக்கிறது. மருந்தறையில், மேல் தட்டில். பார்த்திருக்கிறேன். முதல் நாளே கொடுத்தால் பிழைப்பாள். டாக்டர் மெர்சியிடம் 'கிளைகால்' என்று ஒரே ஒரு சொல் சொல்லுங்கள். மீதியை அவர் செய்துகொள்வார்.

நாள் 613 — 09:10

கலம் இல்லாத நேரம். யாருக்கும் போகாது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

வண்டி கீழ்மேட்டில் நிற்கிறது. விண்-உடையில் காற்று எட்டு மணி நேரத்துக்கு. அறுபது கிலோமீட்டர். மூன்று தடவை கணக்குப் போட்டேன். பாதி வழிகூடத் தாண்டாது. ஆனாலும் உடையைப் போட்டு வெளிக்கதவு வரை போனேன். கை நீட்டினால் கை தெரியவில்லை. நான் வழியில் விழுந்துவிட்டால் சுவரில் கசிவது கிளைகால் என்று தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

தூண் 'ஆ' கழுவி முடிந்தது. ஒன்பது மணி நேரம், ஒரு நிமிடம்கூடக் குறைக்கவில்லை. வெளிவரும் அமிலம் பூஜ்யம். இதற்கு முன் பூஜ்யம் வந்ததே இல்லை.

நாள் 613 — 14:53

"பெனி, புள்ள எந்திரிக்க மாட்டேங்கா. மூச்சு எளைச்சி எளைச்சி விடுதா. மெர்சி டாக்டர் நெஞ்சுச் சளின்னு மருந்து குடுத்திருக்காவ. நீ எங்கட்டி இருக்க? ஒரு வார்த்த பேசு."

சளி இல்லை. அமிலத்தை மூச்சாக வெளியே தள்ளப் பார்க்கிறாள்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இதைப் படிக்கிறீர்கள் என்றால் கீழ்மேட்டைக் கூப்பிடுங்கள். அறை 14. ரூத். கிளைகால். தப்பு என்னுடையது என்றும் சொல்லுங்கள், ஆனால் அதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். முதலில் அந்தச் சொல்.

கலம் போக இரண்டு நிமிடம். மறுபடி வருவது 02:20-க்கு. நான் ரேடியோ பக்கத்திலேயே இருப்பேன்.

சொல்லிவிட்டோம் என்று ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடுங்கள்.